"பேரெல்லாம் பேசியாச்சு" என்று சொன்னால் விட்டுவிடுவதா?

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஆறாவது, மகன் மூன்றாவது. இரண்டு பேரும் ஊர் நடுநிலைப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். நூற்று முப்பது சொச்சம் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். மகளுக்குக் காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், பொண்ணுங்க பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்கிறாள். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து பள்ளியைக் கவனிக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக இப்போது இருக்கிற அம்மா பெரிய வீட்டுக்காரர். சுதந்திர தினத்தன்று மட்டும்தான் அவரைப் பார்க்க முடியும். கூட்டத்துக்கு அவர் வீட்டுக்காரர்தான் வருவார். அடுத்து குழுவை மறுபடி அமைக்கும்போது நான் தலைவருக்கு நிற்கலாமா என்று ஹெச்.எம். டீச்சரிடம் கேட்டேன். "பேரெல்லாம் பேசியாச்சும்மா" என்றார். "எட்டாவது படிச்சவ நாலு பேர் முன்னாடி என்ன பேசப்போற, நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்கிறார் என் கணவர். எங்கள் தெருப் பெண்கள் கூட்டம் என்றாலே கடைசியில்தான் போய் உட்காருவார்கள். நான் ஆசைப்படுவது தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

ஆசைப்படுவது தப்பே இல்லை. நில்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் அந்தப் பாட்டில் வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆனது. பதினொரு வயதுப் பெண் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை தாகத்தை அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பார்வையிட வருகிற அதிகாரி 'கழிப்பறை உண்டா' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அதில் பொய்யும் இல்லை. கதவு இருக்கிறது, தாழ்ப்பாள்தான் இல்லை. அதைக் கண்டுபிடித்தது சாயங்காலம் பாட்டிலைக் கழுவ எடுத்த நீங்கள். கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக் குழுவில் பெற்றோருக்கு இத்தனை இடம் கொடுத்திருப்பது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தர வேண்டும். நம் மாநிலத்தில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். அதில் 18 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். எத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். குழுவின் காலம் இரண்டு ஆண்டு. உங்கள் மகள் ஆறாவது, மகன் மூன்றாவது என்பதால் அதற்குள் பிள்ளை பள்ளியை விட்டுப் போய்விடுமோ என்ற கவலையும் உங்களுக்கு இல்லை.

இனி அந்த "பேரெல்லாம் பேசியாச்சு". முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியர் வேலை பார்த்து, கடைசி ஒன்பது ஆண்டு தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். கூட்டம் நடக்காத மாதத்தில், தீர்மானப் பதிவேட்டை ஒரு பையனிடம் கொடுத்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு அம்மா, "எதுக்கு டீச்சர் இது?" என்று மறுநாள் வாசலில் நின்று கேட்டார். "சும்மா, ஆபீசுக்கு அனுப்பணும்மா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு நான் செய்தது அநியாயம். இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். குழுவைத் தேர்ந்தெடுக்கிற நாளன்று கூடம் காலியாக இருக்குமோ என்ற பயம்தான். 24 பேர் பட்டியலைச் செயலியில் ஏற்றியாக வேண்டும். வேலை நாளில் கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஆகவே நாலு நாள் முன்னாலேயே கூப்பிட்டால் வருகிற வீடு, கேள்வி கேட்காத வீடு, ஊரில் சொல்வாக்கு உள்ள வீடு என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்கிறோம். கொஞ்சம் சோம்பலும் உண்டு, பெரிய வீட்டைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்ற எண்ணமும் உண்டு. உங்கள் ஹெச்.எம். உங்களுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூடம் நிறைந்துவிட்டால் அந்தப் பட்டியலை அவரால் வாசிக்க முடியாது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய பிரசாரம் ஒன்றுதான்: அன்றைக்கு அந்தக் கூடத்தில் அம்மாக்களை உட்கார வைப்பது. யாருக்குக் கை தூக்குவார்கள் என்பதெல்லாம் பிறகு. வராமலே இருக்கிறவர்களின் மௌனத்தில்தான் இத்தனை நாளும் பெரிய வீடு ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

போஸ்டர், ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப்பில் படம் எதுவும் வேண்டாம். உங்களுக்குக் கம்பெனி வேன் இருக்கிறது. போக வர எத்தனை நேரம் அதில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! அதில் வருகிறவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். "எனக்குக் கை தூக்கு" என்று ஆரம்பிக்க வேண்டாம். "உன் பொண்ணு பாட்டில் காலியா வருதா?" என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் அவர்களே வந்து சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கும், தறிக்குடோன் வரிசை வீடுகளுக்கும் போய் வாருங்கள். தேதி தெரிந்ததும், அரை நாள் பர்மிஷன் கேட்க வேண்டியவர்கள் ஒரு வாரம் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லி வைக்கட்டும். அரை நாள் கூலி போவது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

இரண்டு பேரை மறந்துவிடாதீர்கள். அப்பா அம்மா வெளியூரில் இருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கிற பாட்டிகள். பாதுகாவலர் என்று சட்டத்தில் சொல் இருக்கிறதே, அவர்களையும் கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள். அடுத்து, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அந்தத் தாய்மார்களை இதுவரை எந்தக் கூட்டத்துக்காவது யாராவது அழைத்திருப்பார்களா? பிள்ளையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அது தமிழில் கேட்டு அம்மாவுக்கு அவர்கள் மொழியில் சொல்லும். அவர்களும் பெற்றோர், அவர்கள் கையும் ஒரு கைதான்.

தாழ்ப்பாள் விஷயத்தைக் குழுவைத் தேர்ந்தெடுக்கிற நாள் வரை தள்ளிப்போடவே கூடாது. இந்த வாரமே மூன்று நான்கு அம்மாக்களாகப் போய் ஹெச்.எம். டீச்சரைப் பாருங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தேதி போட்டு. பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மானியம் உண்டு. 100 பிள்ளைகளுக்கு மேல் 250 வரை உள்ள பள்ளிக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்காகச் செலவிட வேண்டும் என்பது விதி. உங்கள் பள்ளிக்கு அது 5,000 ரூபாய். ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டத்துக்காக ஒன்றிய அரசு 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது, புதிய கல்விக் கொள்கையை ஒட்டிய வேறொரு திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக. அதனால் "பணம் எங்கே போச்சு?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். "இந்த வருஷ மானியம் வந்துருச்சுங்களா டீச்சர்?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் ஊராட்சியில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. எது முதலில் வருகிறதோ அதில் எழுந்து நின்று பள்ளிக் கழிப்பறையைப் பற்றித் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊர்க்காரர்கள் நாற்காலியும் கரும்பலகையும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது நம் ஊர்களின் பெருமை, எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அன்று கொடுக்க வசதி இருந்த வீட்டுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் பேச்சும் இருந்தது. இப்போதைய சட்டம் கூலிக்குப் போகிற தாய்க்கும் கணக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. உங்கள் தெருப் பெண்கள் காதில் இது விழ வேண்டும்.

தலைவரானால் என்ன செய்ய முடியும், முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, மானியச் செலவைப் பார்ப்பது, இடைநின்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது, காலை உணவு, சத்துணவு ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிப்பது எல்லாம் குழுவின் வேலை. ஆசிரியரை மாற்றவோ, வகுப்பில் நின்று அதட்டவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படி யாராவது உங்களைத் தூண்டிவிட்டால் ஒதுங்கிவிடுங்கள். செலவுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு உங்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கும். தொகை எழுதாத காசோலையில் ஒருநாளும் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, "எழுதிட்டுக் குடுங்க டீச்சர், போடறேன்" என்று சொல்லிவிடுங்கள். தீர்மானத்தை மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டாலும் தவறில்லை.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் தறி வேலைக்குப் போகிறவர் என்றால், பெரிய வீட்டோடு முகம் கோணினால் நாளைக்கு வேலைக்கே சிக்கல் வருமோ என்ற பயம் அவருக்கு இருக்கலாம். அதை வெளியே சொல்ல முடியாமல்தான் "எட்டாவது படிச்சவ" என்று உங்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். சண்டை போடாதீர்கள். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பாட்டிலை அவர் கையில் கொடுத்து மகளிடம் காரணம் கேட்கச் சொல்லுங்கள். அப்பாவிடம் இதைச் சொல்ல அவள் கூச்சப்படுவாள். அந்தக் கூச்சத்தை அவர் ஒருமுறை பார்க்கட்டும். பெரிய வீட்டு அம்மாவையும் நேரில் போய்ப் பாருங்கள். "நான் நிக்கலாம்னு இருக்கேங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவருக்கே அந்தப் பதவி சுமையாக இருந்திருக்கவும் கூடும்.

பேச்சைப் பற்றிப் பயப்படாதீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் பாட்டிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே சொன்னால் போதும். மனப்பாடம் வேண்டாம். உங்கள் பெயரை முன்மொழிய ஒருவரையும் வழிமொழிய ஒருவரையும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் வெவ்வேறு தெருக்காரராக இருக்கட்டும். பட்டியலை வாசிக்க ஆரம்பித்தால் குரல் உயர்த்தாமல், "தலைவருக்கு என் பேரும் சேர்த்துக்கோங்க டீச்சர்" என்று எழுந்து நில்லுங்கள். யாராவது மழுப்பினால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழைக்கலாம், ஆனால் அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். தலைவர் பதவி கிடைக்காமல் உறுப்பினராக மட்டும் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவேட்டில் கழிப்பறை பற்றி எழுதியாகிவிட்டதா என்று பார்த்த பிறகே எழுந்து வாருங்கள்.

கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பாய் விரித்திருந்தாலும் பெஞ்ச் போட்டிருந்தாலும் முதல் வரிசையில் உட்காருங்கள். உங்கள் தெருப் பெண்கள் வந்ததும் வழக்கம்போலப் பின்னால் நகரப் பார்ப்பார்கள். எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உங்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா