அறிவுசார் குறைபாடு உள்ள தம்பியின் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் இருக்கின்றன. கையெழுத்துப் போட வராது. அவன் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முடியுமா? “இவனுக்கு எதற்கு ஓட்டு?” என்று உறவினர்களே கேட்கிறார்கள்.

சேர்க்க முடியும். தயங்காமல் சேர்த்துவிடுங்கள். என் தங்கைக்கும் அறிவுசார் குறைபாடு உண்டு, அவள் வாக்காளர். இதே கேள்வியோடு எங்கள் பெற்றோர் குழுவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 16-ஆம் பிரிவில், யார் பெயரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறது. இந்தியக் குடிமகன் அல்லாதவர், தேர்தல் முறைகேட்டுக்காகத் தகுதி இழந்தவர், மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தவர். அவ்வளவுதான். அந்த மூன்றாவதை நன்றாகப் படியுங்கள். நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் குறைபாடு 75 சதவீதம் என்று எழுதித் தந்த சான்றிதழ் அந்த அறிவிப்பு ஆகாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றுவதும் ஆகாது. எழுதப் படிக்கத் தெரியுமா, முதலமைச்சர் யார் என்றெல்லாம் உங்கள் தம்பியைச் சோதித்துப் பார்க்க எந்த அலுவலருக்கும் உரிமை கிடையாது. மற்ற 19 வயதுப் பிள்ளைகளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

விண்ணப்பத்துக்கு உரியது படிவம் 6. உறுதிமொழியின் கீழ் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்ற காரணங்களால் அதுவும் இயலாதவர்களுக்காகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் கையெழுத்திடவும் இடம் உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு அந்தப் பாதுகாவலரை நியமிக்கிறது. பாதுகாவலர் வந்துவிட்டால் ஓட்டு போய்விடும் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்த நியமனம் 16-ஆம் பிரிவில் சொல்லப்படும் நீதிமன்ற அறிவிப்பு அல்ல.

முகவரிச் சான்று தம்பி பெயரில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெற்றோர் அதே முகவரியில் வாக்காளராக இருந்தால் அவர்கள் பெயரில் உள்ள மின்கட்டண ரசீதே போதும். பள்ளிக்கே போகாத பிள்ளைகளுக்கு வயதுச் சான்றுதான் இழுத்தடிக்கும். பிறப்புச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் பலரைத் திணறவைத்தது புகைப்படம். வெள்ளைப் பின்னணி, நேரான பார்வை, திறந்த கண்கள். தலை தானாக ஆடும் பிள்ளை, வெளிச்சம் பட்டாலே முகத்தை மூடிக்கொள்ளும் பிள்ளை, பார்வையே இல்லாதவர் எல்லோரிடமும் ஒரே கட்டளைதான். ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே நாலு பேர் வேடிக்கை பார்க்க, பிள்ளை அழ, அத்தோடு விண்ணப்பத்தையே கைவிட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே எடுங்கள். சுவரில் வெள்ளை வேட்டியை மாட்டி, பகல் வெளிச்சத்தில், தம்பிக்குப் பழகிய ஒருவர் கைப்பேசியில் எடுத்தால் போதும். பிடரியில் ஒரு கை தாங்கலாக இருந்தால் அதை வெட்டி நீக்கிவிடலாம்.

குறைபாட்டைக் குறிக்கும் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். அது கட்டாயமில்லை; அதனாலேயே பல குடும்பங்கள் தாண்டிப் போகின்றன. அக்காள் கல்யாணம் கெட்டுவிடும் என்று தயங்குகிறவர்களும் உண்டு. அந்தக் கவலையை நான் எள்ளவில்லை. ஆனால் எந்த வாக்குச்சாவடிக்குச் சக்கர நாற்காலி வேண்டும், வீட்டிலிருந்தே வாக்களிக்க விண்ணப்பிக்கும் 12டி படிவத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவாகிறது. சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா, ஆம் அல்லது இல்லை என்றுதான் படிவம் கேட்கிறது. மாற்றுத்திறனாளி அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே பெயர் சேர்த்தவர்கள் படிவம் 8 கொடுத்துக் குறிப்பைச் சேர்க்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே தபால் வாக்கு அளிக்கலாம். அதற்கு ஒப்புதல் கிடைத்தபின் சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது. வீட்டைவிட்டு வெளியே போவதையே விரும்பும் என் தங்கை போன்றவர்களுக்குச் சாவடிதான் நல்லது.

அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேளுங்கள்; தயவாக அல்ல, உரிமையாக. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 11-ஆம் பிரிவில், வாக்குச்சாவடிகளை மட்டும் சொல்லவில்லை. தேர்தல் நடைமுறை தொடர்பான எல்லாத் தகவல்களும் அவர்களுக்குப் புரியும்படியும் எட்டும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. காது கேளாதவரிடம் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள் என்று சொல்லி அனுப்புவது இந்தச் சட்டத்துக்கே எதிரானது. வாக்குச்சாவடியில் சாய்தளம் கட்டிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்தச் சாய்தளத்தால் என்ன பயன்?

காப்பகங்களில் இருப்பவர்கள் நிலை இன்னும் கடினம். மனநலச் சிகிச்சை நிறுவனத்தில் இருக்கிறார் என்பதாலேயே அங்கு வசிப்பவராகக் கருத முடியாது என்று அதே 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. சொந்த வீடு கைவிட்டவருக்கு எது முகவரி? அப்படியிருந்தும் 2019 மக்களவைத் தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைத்து, அங்கிருந்தவர்கள் வாக்களித்தார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

“அவனுக்கு என்ன புரியும், நீதானே குத்தப்போகிறாய்?” என்றும் கேட்பார்கள். தேர்தல் நடத்தை விதிகளில், துணைக்கு ஒருவரை அழைத்துச்செல்லும் 49என் விதி, பார்வையின்மையாலோ உடல் இயலாமையாலோ சின்னத்தை அறியவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர்களுக்கு உரியது. அப்போதும் விரல்தான் உங்களுடையது, முடிவு அவருடையது. இயந்திரத்தில் வேட்பாளர் படமும் சின்னமும் இருக்கும். மாதிரி ஒன்றைத் தாளில் வரைந்து தம்பியுடன் பேசிப் பழகுங்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறதா இல்லையா என்பது என் தங்கைக்குத் தெரியும். நம்மில் பலர் அதை வைத்துத்தானே வாக்களிக்கிறோம்?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபின், முன்பு பெயர் இருந்தவர்களும் இப்போதைய பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது அவசியம்.

விண்ணப்பத்தை வாங்க மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். ஆன்லைனிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பதிவு அலுவலர் நிராகரித்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் சரிவரவில்லை என்றால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். மனுவின் முதல் வரியிலேயே 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தம்பியைப் பற்றி எந்த நீதிமன்றமும் அப்படி அறிவிக்கவில்லை என்று எழுதுங்கள்.