கட்டத்தை நிரப்ப ஒரு வீடியோ

வணக்கம்.

நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பாடக்குறிப்பேட்டில் இப்போது 'தொழில்நுட்பப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பாடமானாலும் அதைக் காலியாக விடக்கூடாது. நானும் பீரியடுக்கு ஒரு வீடியோவைத் தேடிப் போட்டுவிடுகிறேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் தங்கியிருப்பதில்லை. போன வாரம் மின்சுற்று. வீடியோ என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் 'பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும்' என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். எங்கே தவறுகிறேன்?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தக் கட்டத்தை முதலில் நிரப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் நிரப்பிப் பாருங்கள்.

1983-ல் ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர், கற்பிக்கும் ஊடகங்களை மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியோடு ஒப்பிட்டார். லாரியை மாற்றினால் சாப்பிடுகிறவர் உடம்பு தேறிவிடுமா என்பது அவர் வாதம். சில வேலைகளைச் சில கருவிகளால்தான் செய்ய முடியும் என்று அவரோடு மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. உங்கள் மின்சுற்றைப் பார்த்தால் இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

பல்ப் மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்பது உலகம் முழுக்கப் பிள்ளைகளிடம் இருக்கும் நம்பிக்கை. பெரியவர்களிடமும்தான். அதை வைத்தே பாடத்தைத் திட்டமிடுங்கள். முதலில் நிஜமான பேட்டரி, ஒயர், பல்ப். எரியவில்லையா, எங்கே இணைப்பு விட்டிருக்கிறது என்று அவர்களே தேடட்டும்; கணினித் திரையில் ஒயர் தானாகக் கழன்றுகொள்வதில்லை. அப்புறம் பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர் (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), பின்னால் ஓர் அம்மீட்டர் என்று பலகையில் வரைந்து, எது கூடக் காட்டும் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும். வாயால் சொன்னதை யாரும் மாற்றிக்கொள்ளலாம், எழுதியதை மாற்றுவது கஷ்டம்.

இப்போது ப்ரொஜெக்டரைப் போடுங்கள். சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) சிமுலேஷன்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இயற்பியலில் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. அதில் மின்சுற்றைக் கட்டினால் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பல்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வேகம். இரண்டு அம்மீட்டரிலும் ஒரே எண். இதை எந்த ஒயரும் உங்களுக்குக் காட்டாது. கருவிக்கு வேலை இருப்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான். உங்கள் வீடியோவும் ஒருவேளை இதையேதான் காட்டியிருக்கும். ஆனால் அதற்கு முன் யாரும் எதையும் பந்தயம் கட்டவில்லையே!

காட்டுவதற்கு முன் ஓட்டெடுப்பும் நடத்தலாம். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூர் 1990-களில் பிரபலமாக்கிய முறை: கேள்வி, தனியாக யோசனை, ஓட்டு. சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதம் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி ஓட்டு. இதற்கு, பட்டனை அழுத்தி ஓட்டுப்போடும் கிளிக்கர் கருவி உண்டு. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த வண்ண அட்டையும் அதே வேலையைச் செய்யும்.

மறுநாள் தங்குவதில்லை என்றீர்களே, அதற்கு வேறு வைத்தியம். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆகவே அடுத்த பீரியடைப் புத்தகம் மூடிய ஐந்து நிமிடத்தோடு ஆரம்பியுங்கள்: சுற்றை வரை, இரண்டு அம்மீட்டரிலும் எண்ணைப் போடு.

சரி, அந்தக் கட்டம்? சில நாள் அதில் 'தேவையில்லை' என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு வரியில் காரணமும் போடுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் மின்சுற்றுப் பாடத்தின் குறிப்பை எடுத்துக் காட்டலாம். அதை ஒருமுறை நடத்திவிட்டு எனக்கும் எழுதுங்கள். அந்தப் பாதிப்பேர் எத்தனை பேராகக் குறைந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.