கொடைக்கானலில் கூடாரத் தங்கல்: கேள்வி பதில்

மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களில் இருபது ஆண்டுகளாகக் கூடாரம் அடித்துத் தங்கியும், நண்பர்களையும் அவர்கள் குடும்பங்களையும் அழைத்துச் சென்றும் பழகியவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி): டிசம்பர் கடைசியில் ஏழு வயது மகளுடன் மன்னவனூர்ப் பக்கம் டென்ட்டில் தங்க நினைக்கிறோம். குளிர் தாங்குமா ஐயா?

பதில்: தாங்கும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் அங்கே உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே பகலில் கண்ணைப் பறிக்கும் ஏரிக்கரையும் ஓடையோரப் புல்வெளியுமே இரவில் அந்த ஊரின் மிகக் குளிரான இடங்களாகிவிடும். அதே சரிவில் சற்று மேலே, காற்றுக்கு மறைவான மேட்டில் கூடாரம் இருந்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்கும்.

அடுத்து, கம்பளிகளை உடம்பின் மேல் அடுக்குவதை விட முதலில் அடியில் விரியுங்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது தரைதான். காற்றடைத்த மெத்தை மென்மையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்துவிடும். அதன் மேல் ஃபோம் பாயும் ஒரு கம்பளியும் கட்டாயம் வேண்டும். விடியற்காலையில் கூடாரத்தின் உட்சீலையைத் தொட்டால் கை நனையும். அது ஒழுகல் அல்ல. இரவெல்லாம் நீங்கள் மூவரும் விட்ட மூச்சு சீலையில் படிந்து நீராகியிருக்கிறது. இதை அறியாமல் பலர் மறுநாள் காற்றோட்டத் திறப்புகளை எல்லாம் அடைத்துவிடுகிறார்கள். அடைக்காதீர்கள்.

இதோடு சேர்த்து, எல்லோருக்குமாக ஒன்று சொல்கிறேன்: கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ, தணல் சாம்பல் மூடிக் கிடந்தாலும் சரி, கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கமாட்டார்.

கேள்வி (பெங்களூரு): கிளாம்பிங் டோம் (வசதிகளோடு கூடிய அரைக்கோளக் கூடாரம்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். முன்பக்கம் முழுவதும் ஒளி புகும் தகடு. கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

பதில்: அந்த ஒளிபுகும் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள். கிழக்கு என்றால் காலையில் மலை விழிப்பதைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். மேற்கு என்றால் பிற்பகலில் உள்ளே உட்கார முடியாத வெப்பம், இரவில் அதே தகடு வழியே குளிர். மின்சாரம் போனால் ஹீட்டருக்கு மாற்று என்ன, கழிப்பறைக் கழிவுநீர் எங்கே போகிறது என்பவற்றையும் கேளுங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் தங்குவதில்லை.

கேள்வி (சென்னை): பேரிஜம் ஏரிக்கரையில் சொந்த டென்ட் போடலாமா?

பதில்: கூடாது. வனத்துறை அங்கே அனுமதிச் சீட்டு தருவது பகலில் போய்த் திரும்புவதற்கு மட்டுமே.

கேள்வி (சேலம்): கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) இன்னும் வேண்டுமா?

பதில்: வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்கள் எடுத்தாக வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. 2025 கோடையில் வார நாட்களில் நாளுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் நாளுக்கு 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே கோடையில் வருகிறவர்கள் பாஸ் கையில் கிடைத்த பிறகு தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டுவது நல்லது.

கேள்வி (கோவை): டென்ட்டுக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு? கட்டடங்களை ஒழுங்குபடுத்த 1993இல் வந்த மாஸ்டர் பிளானை மீறி எழுந்த கான்கிரீட் கட்டடங்களைவிட, மறுநாள் சுருட்டி எடுத்துவிடும் சீலை மலைக்கு நல்லதில்லையா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரே இடத்தில் நிற்கும்வரை சீலை கட்டடத்தைவிட மேலானதுதான். ஆனால் கட்டடம் ஏற முடியாத இடத்துக்கும் சீலை போய்விடுகிறது. சோலையின் விளிம்பு, புல்மேடு, ஓடைக்கரை என்று விலங்குகளுக்கு மிஞ்சியிருக்கும் இடங்களில்தான் இன்று கூடாரங்கள் எழுகின்றன.

ஒரு ஜனவரி இரவு, மேல்மலையில் பூண்டி கிராமத்துக்குக் கீழே ஒரு தனியார் நிலத்தில் பணம் கட்டித் தங்கினேன். நடுநிசியில் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீலைக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், நீண்ட மூச்சு கேட்டது. இழுகயிற்றில் கால் மாட்டிய காட்டுமாடு. வளர்ந்த கடா ஒரு டன் வரை எடை இருக்கும். அது காலை உதறி, கயிறு அறுந்து, மெதுவாக நடந்து போகும்வரை நான் விரலைக்கூட அசைக்கவில்லை. காலையில் பார்த்தால், எங்கள் நான்கு கூடாரங்களும் சோலையிலிருந்து ஓடைக்கு இறங்கும் தடத்தின் மேலேயே இருந்தன. தடத்தில் பழைய குளம்படிகளும் உலர்ந்த சாணமும் கிடந்தன. தடம் என்று தெரிந்தேதான் அங்கே போட்டிருந்தார்கள். சமதரை அதுதான் என்றார்கள்.

கேள்வி (பூம்பாறை, விவசாயி): அண்ணா, வெளியூர்க்காரர் பேசுகிற மாதிரி நீங்களும் பேசக் கூடாது. மலைப்பூண்டு விலை விழுந்த வருஷம் என் பட்டா நிலத்தில் ஐந்து டென்ட் போட்டுத்தான் கடன் அடைத்தேன். எங்களுக்கும் வேண்டாமா?

பதில்: உங்களுக்குத்தான் தம்பி முதலில் வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டை விளைவித்தும் விலையை நம்பி வாழ முடியாத நிலையை நானும் பார்க்கிறேன். உங்கள் நிலத்தில் மாடு எங்கே இறங்கும், பன்றி எந்த வரப்பைக் கிளறும் என்பது உங்களுக்குத் தெரியும்; கூடாரத்தை நீங்கள் தடத்தின் குறுக்கே போடமாட்டீர்கள். என் வருத்தமெல்லாம், உங்களைப் போன்றவர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எண்ணிக்கையை ஐந்திலிருந்து முப்பதாக்கி, ஒலிபெருக்கியும் வைத்துவிட்டு, பிரச்சினை வந்தால் மறைந்துவிடுகிறவர்களிடம்தான். அனுமதி வாங்குங்கள், கழிவுநீருக்குக் குழி எடுங்கள், இரவு பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். வருகிறவர்களை நானே அனுப்புகிறேன்.

கேள்வி (மீண்டும் கோவை): அப்படியென்றால் கட்டுப்பாடு எண்ணிக்கைக்கா, இடத்துக்கா?

பதில்: இடத்துக்கு. எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். தடத்தில் போட்ட ஒரு கூடாரம், ஊரை ஒட்டிய தரிசில் போட்ட பத்துக் கூடாரங்களைவிட ஆபத்தானது. காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதும் சும்மா வந்த விதி அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மாண்டவர்களும் மலையை விரும்பி ஏறியவர்கள்தான்.

கேள்வி (ஈரோடு): பைக்கில் வந்தாலும் இ-பாஸ் உண்டா?

பதில்: இதே கேள்வியை இதுவரை ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். பைக்கும் வண்டிதான். சேலத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): வட்டக்கானலில் போதைக் காளான் கிடைக்குமா?

பதில்: போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். இதற்கு மேல் பதில் இல்லை.

கேள்வி (மதுரை): அக்டோபர் விடுமுறையில் வரலாமா?

பதில்: கூடாரத்துக்கு வேண்டாம். அக்டோபர், நவம்பர்தான் எங்களுக்குக் கனமழைக் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது இங்கே மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டன. சுவரும் கூரையும் உள்ள வீட்டில் தங்குங்கள். கூடாரத்துக்கு ஜனவரி பாதிக்கு மேல் வாருங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): கூடாரத்துக்குள் வேண்டாம் என்கிறீர்கள். வாசல் மறைப்புக்குக் கீழே, ஜிப்பைப் பாதி திறந்து வைத்துக் கரிச்சட்டி வைக்கலாமா?

பதில்: வைக்கக் கூடாது. பாதி திறந்த ஜிப் போதாது. காற்று திரும்பினால் அந்தக் கார்பன் மோனாக்சைடு உள்ளேதான் வரும். குளிர் தாங்கவில்லையென்றால் வெந்நீரை ரப்பர்ப் பையில் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு படுங்கள்.