கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் அமர்ந்து பாஸ் மீன் பிடிக்க எந்தப் பருவம் நல்லது? மோட்டார் படகு இல்லாமல் பெரிய மீன் கிடைக்குமா?

டெக்சாஸுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றும், தூண்டில் கடையில் ஒருவர் "கயாக் எல்லாம் குழந்தைகள் விளையாடுவதற்கு, பாஸ் வேண்டுமென்றால் மோட்டார் படகு வாங்குங்கள்" என்று சொன்னார் என்றும் கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது ஆண்டுகளாகத் துடுப்புப் போட்டுத்தான் மீன் பிடிக்கிறேன். இதே பேச்சை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். லார்ஜ்மவுத் பாஸ், அதாவது பெருவாய் பாஸ் மீனின் உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி பிடித்தது. அவர் அமர்ந்திருந்தது பலகைகளைக் கொண்டு கையால் செய்த ஒரு சிறு படகு. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அந்தச் சாதனையைச் சமன் செய்தார். அதைவிடப் பெரியது இன்றுவரை பதிவாகவில்லை.

மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பரந்த ஏரியில் ஒரே காலையில் பத்து இடங்களைத் தேடிப் பார்க்க உங்களால் முடியும், என்னால் முடியாது. ஆனால் மூழ்கிய மரங்களுக்கு இடையிலும், முழங்கால் ஆழத்துப் பாசிக்குள்ளும், ஓடை ஏரியில் கலக்கும் குறுகலுக்குள்ளும் சத்தமில்லாமல் போக என்னால் முடியும். மீன் அங்கேதான் இருக்கிறது.

இனி பருவம். உங்களிடம் காரின் மேல் கட்டக்கூடிய ஒரு கயாக்கும், வார இறுதியில் அரை நாளும், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மாதத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். ஒரே பிப்ரவரியில் ஒரு வாரம் பனிமழை கொட்டும், மறுவாரம் சட்டையைக் கழற்றிப்போடச் சொல்லும் வெயில் அடிக்கும். மீனுக்குக் காற்றின் வெப்பம் தெரியாது. தண்ணீர் 50 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டத் தொடங்கியதும் பாஸ் ஆழத்திலிருந்து கரையை நோக்கி நகரும். 60-ஐத் தாண்டியதும் கூடு கட்டும். ஏரியின் வடக்குப் பக்கத்து ஒதுக்குகள்தான் முதலில் சூடாகும், ஏனென்றால் அங்கே வாடைக்காற்று படாது, தெற்கிலிருந்து வெயில் நேராக விழும். என் பெரிய மீன்களில் முக்கால்வாசி அந்த ஒதுக்குகளில், அந்த ஐந்தாறு வாரங்களில் கிடைத்தவை. பாசியின் மேல் ராட்டில்-ட்ராப் என்ற, கிலுகிலுக்கும் சிவப்பு நிறப் போலி மீனை இழுத்து, அது பாசியில் சிக்கியதும் வெடுக்கென்று பிடுங்க வேண்டும். அறுந்து விடுபடும் அந்தக் கணத்தில்தான் கடிக்கும்.

அதே ஐந்தாறு வாரங்கள்தான் கயாக்கில் போகிறவனுக்கு ஆண்டின் மிக ஆபத்தான காலம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இதை உடம்பால் கற்றுக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு. டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் ஃபோர்க் ஏரி. சுமார் 27,000 ஏக்கர் பரப்பு. 1980-இல் அணையை மூடித் தண்ணீர் தேக்கியபோது நிறைய மரங்களை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் நீருக்கு மேல் பட்டமரங்கள் நிற்கின்றன, நீருக்குக் கீழே அதைவிட அதிகம். அன்று காற்றின் வெப்பம் 74 டிகிரி. தண்ணீர் 53. நான் அணிந்திருந்தது பருத்திச் சட்டை, சாதாரணக் கால்சட்டை. உயிர்காப்பு உடையை மட்டும் மாட்டியிருந்தேன். அதுவும் என் மனைவி படகுத்துறைக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்று, "போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும், காலடியில் வைத்துக்கொண்டு அல்ல" என்று சத்தியம் வாங்கியதால்.

மதியம் இரண்டு மணிக்கு 21 அங்குல மீன் ஒன்று கிடைத்தது. கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலை வைத்துத் தூக்க வேண்டும். பற்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாள் போல இருக்கும், கடித்தாலும் வெட்டாது, சிராய்க்கும். அளவுப்பலகையின் மேல் படுக்கவைத்து, வாயை மூடி முனையில் முட்டவைத்து, வால் கோட்டைத் தொட்ட இடத்தைப் புகைப்படம் எடுத்தேன். வயிறு முட்டையால் உருண்டு பலகையின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. பக்கவாட்டுக் கறுப்புப் பட்டை நனைந்த துணியில் மை ஊறியது போல உடைந்து உடைந்து ஓடியது. செவுள் இரண்டு முறை விரிந்து மூடுவதற்குள் நீரில் விட்டேன்.

அந்த மகிழ்ச்சியில் அடுத்த வீச்சு ஒரு அடிமரத்தில் மாட்டியது. படகைத் திருப்பி மரத்துக்கு அருகே போய் விடுவித்திருக்க வேண்டும். சோம்பலில் அமர்ந்த இடத்திலிருந்தே பக்கவாட்டில் இரண்டு கைகளாலும் இழுத்தேன். முள் விட்டது. இழுத்த வேகத்தில் என் உடம்பு மறுபக்கம் சாய்ந்தது, படகும் கூடவே புரண்டது.

குளிர் என்று முதலில் தோன்றவில்லை. மூச்சு என் வசத்தில் இல்லை என்றுதான் தோன்றியது. நெஞ்சு தானாக இழுக்கிறது, விட முடியவில்லை. திடீர்க் குளிரில் உடம்பு முதல் நிமிடத்தில் அப்படித்தான் திணறும் என்றும், அந்தத் திணறலில் தலை நீருக்குள் இருந்தால் நீரைத்தான் இழுப்போம் என்றும் பிறகு படித்தேன். உயிர்காப்பு உடை என் தலையை மேலே வைத்திருந்தது. நான் நல்ல நீச்சல்காரன். தாமிரபரணியில் கல்மண்டபத்திலிருந்து குதித்து வளர்ந்தவன். அந்த நிமிடத்தில் நீச்சல் எதற்கும் உதவவில்லை. இதைப் படித்துவிட்டு "எனக்கு நீச்சல் தெரியும்" என்று எழுதப் போகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

படகை நிமிர்த்திவிட்டேன். மேலே ஏற இரண்டு முறை முயன்று வழுக்கி விழுந்தேன். மூன்றாவது முறை, காலைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிற்றைப் படகின் குறுக்கே போட்டு, கவிழ்ந்தபடியே கிடந்து, மெல்லப் புரண்டு உட்கார்ந்தேன். அதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. கைப்பேசி இருந்த பெட்டியின் கொக்கியைத் திறக்க முடியவில்லை. கண்ணெதிரே கொக்கி, அதன் மேல் என் விரல்கள், ஆனால் அழுத்தும் பலம் விரல்களில் இல்லை.

உதவிக்கு வந்தவர் ஒரு மோட்டார் படகுக்காரர், எழுபது வயதிருக்கும். அலை என் மேல் அடிக்கக் கூடாது என்று தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தார். தன் கம்பளி மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார். என் படகைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். காரின் கதவை அவர்தான் திறந்துவிட்டார், என்னால் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஆகவே மோட்டார் படகுக்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டெக்சாஸ் சட்டப்படி ஆளுக்கொரு உயிர்காப்பு உடை படகில் இருந்தால் போதும். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்தான் படகு ஓடும்போது கட்டாயம் அணிய வேண்டும். நீங்கள் சட்டத்தைப் பார்க்காதீர்கள், அணிந்துகொள்ளுங்கள். தண்ணீர் 60-க்குக் கீழே இருக்கும்போது நான் இப்போது நீர் புகாத முழு உடையில்தான் போகிறேன். கைப்பேசியும் ஊதலும் மார்பில் கட்டியிருக்கும். விலை அதிகம் என்பார்கள். ஆம், அதிகம்தான். ஒரு தூண்டில்கோலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கூடு கட்டும் காலத்தில் இன்னொன்று. ஆண் மீன் வாலால் அடித்து மணலைக் கூட்டி வட்டமாக இடம் செய்யும். பெண் முட்டையிட்டு விலகிவிடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண்தான் காவல். கூட்டின் மேல் விழும் எதையும் அது கடித்து அப்புறப்படுத்தும், அதனால் பிடிப்பது எளிது. இங்கே அது சட்டப்படி குற்றமில்லை. பிடித்து உடனே விட்டால் சேதமில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு, அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் செய்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் குளத்தில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேல் என்று கூட்டமாக மிதக்கும், கீழே தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருக்கும். தூண்டிலே உலகம் என்று இருந்த என் தாத்தா அந்த நேரத்தில் மட்டும் கோலைச் சுருட்டிவிடுவார். கூட்டின் மேல் அசையாமல் நிற்கும் பாஸைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

கோடையில் விடிவதற்கு முன் இறங்கி ஒன்பது மணிக்குக் கரையேறிவிடுங்கள். அதற்கு மேல் பெரும்பாலான மீன் ஆழத்துக்குப் போய்விடும், உங்களுக்கும் வெயில் தாங்காது. இருட்டில் வெள்ளை விளக்கு அவசியம். பாசிப் பரப்பின் மேல் ரப்பர் தவளையை விட்டு இழுப்பதுதான் என் கோடைக்காலப் பைத்தியம். தாத்தா விராலுக்கு உயிர்த்தவளை கோத்தார், நான் ரப்பர் தவளை கட்டுகிறேன், வேறுபாடு அவ்வளவே. பாசி வெடித்துத் தவளை மறைந்ததும் உடனே இழுத்துவிடாதீர்கள். தூண்டில் நரம்பில் கனம் தெரியும்வரை ஒரு மூச்சு பொறுங்கள். பெரிய மீன் என்றால் படகையே இழுத்துக்கொண்டு போகும். காலை நீரில் தொங்கவிட்டால் வேகம் குறையும். பிடித்த மீனைச் சூடான நீரில் நீண்ட நேரம் அலைக்கழிக்காமல் சீக்கிரம் விட்டுவிடுங்கள்.

இலையுதிர் காலத்தில் ஷாட் என்ற சிறுமீன் கூட்டம் ஓடைகளுக்குள் ஏறும், பாஸ் பின்தொடரும். கரையில் கொக்குகள் வரிசைகட்டி நிற்கும் ஓடையைத் தேர்ந்தெடுங்கள். காற்றுதான் பகை: போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். குளிர்காலத்தை மட்டமாக எண்ணாதீர்கள். டெக்சாஸின் சாதனை மீனான 18.18 பவுண்டு பாஸ் இதே ஃபோர்க் ஏரியில் 1992 ஜனவரியில்தான் பாரி செயிண்ட் கிளேருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த மாதத்தில் முதல் ஆண்டுக்காரர் கரையில் நின்று பிடிப்பதே நல்லது.

கயாக்கை எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒரே ஆண்டில் எனக்கு மூன்று கடிதங்கள் வந்தன. என் சொந்த வீடு, என் சொந்தப் பக்கச்சுவர், அதன் ஓரமாகப் பச்சைத் துணி போர்த்தி வைத்த 12 அடிப் படகு. தெருவிலிருந்து அதன் முனை ஓர் அடி தெரிகிறதாம், தெருவின் அழகு கெடுகிறதாம். மூன்றாவது கடிதத்தில் அபராதம் என்று எழுதியிருந்தார்கள். நேரில் போய்ப் பேசினேன். விதியைக் காட்டினார்களே தவிர, என்ன செய்யலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது மாதம் 60 டாலர் கொடுத்து வாடகைக் கிடங்கில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அந்த இரும்புக் கதவைத் தூக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் கையெழுத்துப் போடும் முன் சங்கத்தின் விதிகளைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்.

உரிமம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொடர்ந்து ஆறு மாதம் வசித்த பிறகுதான் டெக்சாஸ்வாசி என்ற கணக்கில் வருவீர்கள். அப்போது நன்னீர் உரிமம் 30 டாலர், அதற்கு முன்பு 58. எப்போது வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். மோட்டார் இல்லாத கயாக்குக்குப் பதிவு வேண்டியதில்லை. ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை அங்கேயே விட்டுவிட வேண்டும், ஆகவே தூண்டில்கோலுக்கு முன்பே ஓர் அளவுப்பலகை வாங்கிவிடுங்கள்.