ஏழாம் வகுப்புப் பாடம் – கடிதம்

அன்புள்ள அம்மா,

திருமணமாகி திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு, மகன் பத்தாம் வகுப்பு. மகளின் லைஃப் ஓரியண்டேஷன் (வாழ்க்கைக் கல்வி) பாடப் புத்தகத்தைப் புரட்டினால் பூப்பு, உடல் மாற்றம், எச்.ஐ.வி. என்று என்னென்னவோ இருக்கிறது. அடுத்த வருடம் இன்னும் மோசமாம். நான்காம் வகுப்பிலேயே கூடாததையெல்லாம் சொல்லித்தருகிறார்கள் என்று கோயில் மாதர் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அந்தப் பாடத்துக்கு மட்டும் மகளை உட்கார வைக்காதீர்கள் என்று தலைமையாசிரியருக்கு எழுதலாமா? மகனைப் பற்றிக் கவலையில்லை, அவன் பையன். நம் ஊரில் யார் நமக்கு இதையெல்லாம் சொல்லித்தந்தார்கள்? நாம் ஒழுங்காக வளரவில்லையா?

எம்.

அன்புள்ள எம்.,

எழுதுவது உங்கள் விருப்பம். எழுதுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி பழைய சரக்கு. 2019-இல் கல்வித் துறை ஆசிரியர்களுக்கான பாலியல் கல்விப் பாடக் குறிப்புகளை வெளியிட்டபோது, எங்கள் பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. இது ஒன்றும் புதிதல்ல, 2000-ஆம் ஆண்டிலிருந்தே பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று துறை பதில் சொன்னது. அன்று கிளம்பிய புரளிகள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. நான்காம் வகுப்பில் உண்மையாகவே நடந்தது ஒன்று உண்டு. 2014 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயது நிரம்பிய சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி உடலுறவின் வழியாகப் பரவுவது. உங்கள் வீட்டுக்கும் ஒப்புதல் படிவம் வந்திருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நல்ல காரியம்தான். ஊசி போடலாம், எதற்கென்று மட்டும் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

யார் சொல்லித்தந்தார்கள் என்று கேட்கிறீர்கள். நான் பெரியவளானபோது வாசலில் பந்தல் போட்டார்கள். தாய்மாமன் சீர்வரிசையோடு வந்தார். ஒலிபெருக்கியில் தெருமுனைவரை பாட்டுக் கேட்டது. பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரருக்குக்கூட விஷயம் தெரிந்திருந்தது. அது ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், வயிறு வலித்தால் என்ன செய்வது என்று என்னிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொடாதே, அங்கே உட்காராதே என்ற இரண்டு கட்டளைகளோடு என் பாலியல் கல்வி முடிந்தது. ஒழுங்காகத்தான் வளர்ந்தோம். எத்தனை பேர் எதை விழுங்கிக்கொண்டு வளர்ந்தோம் என்று நம் பெண்கள் கணக்குச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு இரவு போதாது.

பள்ளி அளவுக்கு மீறிச் சொல்லிவிடும் என்பது உங்கள் பயம். எனக்கு நேரெதிரான பயம். என் தங்கை மகளின் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். நடுவில் இரண்டு தாள்களைச் சேர்த்து மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் அடித்திருந்தது. டீச்சர் அடிக்கச் சொன்னார், வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னார் என்றாள். பிரித்துப் பார்த்தால் பால்வினை நோய்கள், இளவயதுக் கர்ப்பம், வேண்டாம் என்று மறுப்பது எப்படி என்ற பகுதி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிய பாடம் இது. பல பள்ளிகளில் வேறு பாடத்துக்கு வந்த ஆசிரியரின் அட்டவணையில் இடம் காலியாக இருந்தால் இதை அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். பயிற்சி இல்லாதவர் கூச்சப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

நாம் இருப்பது குவாசுலு-நட்டாலில். எச்.ஐ.வி. மிகக் கடுமையாகத் தாக்கிய மாகாணங்களில் ஒன்று. டர்பனில் இயங்கும் காப்ரிசா எய்ட்ஸ் ஆய்வு மையத்தினர் இந்த மாகாணத்தில் கிருமியின் மரபணுவைத் தொடர்ந்து சென்று, யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது என்று ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் சராசரியாக 8.7 வயது மூத்தவர்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் அல்ல, சம்பாதிக்கிற, காரில் கொண்டுபோய் விடுகிற, செல்போனுக்குக் காசு போட்டுத் தருகிற ஆள். அப்படிப்பட்டவன் உங்கள் மகளை வகுப்பறையில் சந்திக்கப் போவதில்லை. அவன் பேச்சின் உள்நோக்கம் விளங்கவும், முடியாது என்று சொல்லவும், வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லவும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே உடலுறவுக்குச் சட்டப்படி சம்மதம் தரும் வயது பதினாறு. சிறார் மீதான பாலியல் குற்றம் தெரிந்தவர் எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பிள்ளை வாயைத் திறந்தால்தானே அந்தச் சட்டத்துக்கு வேலை.

இன்னொரு சட்டமும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பன்னிரண்டு வயதான பிள்ளை பெற்றோரைக் கேட்காமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம், உரிய மருத்துவ ஆலோசனையோடு கருத்தடைச் சாதனம் பெறலாம். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் இந்த உரிமையை வகுப்பு கொடுக்கவில்லை, அவள் வயது கொடுத்துவிட்டது. வகுப்பிலிருந்து விலக்கினால், உரிமை இருக்கும், விவரம் இருக்காது.

இனி உங்கள் மகன். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவனுக்கு அரை வரி. எனக்கு அதுதான் உறுத்தியது. இன்னும் சில வருடங்களில் அவனும் சம்பாதிப்பான், கார் ஓட்டுவான். ஒரு பெண் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான் என்று அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? அவனுடைய செல்போன் அவனுக்கு ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருக்கும். அதோடு ஒப்பிட்டால் ஏழாம் வகுப்புப் புத்தகம் தேவாரம்.

தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். இந்தப் பாடத்தை யார் எடுக்கிறார், அவருக்குப் பயிற்சி உண்டா, எந்தப் பகுதியையாவது தாண்டிவிடுகிறார்களா, தொந்தரவுக்கு ஆளான பிள்ளை பள்ளியில் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பதில் வர இழுத்தடித்தால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், மாதர் குழுவிலிருந்து நாலு பேரையும் அழைத்துப் போங்கள். கணவரையும் கூட்டிப்போனால் நல்லது, இந்தக் கூட்டங்களுக்கு அப்பாக்கள் தலைகாட்டுவதே இல்லை.