பங்க் ராக் கேட்க ஆரம்பிக்கிறேன், எந்த பேண்டில் தொடங்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி வியாசர்பாடிக்காரர். கானா கேட்டு வளர்ந்தவர், பாப் மார்லி பிடிக்கும், மெட்டாலிகா கொஞ்சம் பழக்கம். பங்க் ராக் என்று தேடினால் பேண்ட் பெயர்கள் வந்து கொட்டுகின்றன, எதை முதலில் கேட்பது என்று எழுதியிருக்கிறார். நான் தண்டையார்பேட்டை. பல வருடமாக இந்த இசையோடுதான் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

வருட வரிசைப்படி கேட்காதீர்கள். 'கட்டாயம் கேட்க வேண்டிய ஆல்பங்கள்' பட்டியல்களையும் ஓரமாக வையுங்கள். உங்கள் காதில் ஏற்கெனவே எது ஊறியிருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் இருக்கும் பேண்டைப் பிடியுங்கள். கானாவும் மார்லியின் ரெகேவும் தெரிந்தவருக்குப் பங்க் அவ்வளவு தூரத்தில் இல்லை. பாட்டு வாத்தியாரிடம் போய் வருடக்கணக்கில் உட்காராமல், டோலக்கோ சட்டியோ கிடைத்ததை வைத்துத் தாளம் போட்டு, தன் தெருவில் நடப்பதைத் தன் பேச்சிலேயே பாடுவது கானா. 1970களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் அந்த வயசுப் பசங்கள் செய்ததும் அதைத்தான். அன்றைக்கு ராக் இசை பெரிய மேடை, நீண்ட கிட்டார் வாசிப்பு, ஏகப்பட்ட பயிற்சி என்று எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. கிட்டாரில் மூன்று கார்டு (chord, சேர்த்து அடிக்கும் சுரங்கள்) தெரிந்தால் போதும், நாமே மேடை ஏறலாம் என்று இவர்கள் இறங்கினார்கள்.

முதல் பேண்ட் ரமோன்ஸ். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 1974ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சேர்ந்த நாலு பேர். சொந்தக்காரர்கள் இல்லை, ஆனால் நாலு பேரும் ரமோன் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். 1976ல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம்தான். பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர், அந்தக் காலத்து ராக் ஆல்பங்களுக்கு அது பிசாத்துக் காசு. திருவொற்றியூரில் ரயில் ஏறும்போது போட்டால், பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு வண்டி நிற்கிற நேரத்தையும் சேர்த்து சென்ட்ரல் வருவதற்குள் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள்.

இரண்டாவது தடவை ஹெட்போனில் ஒரு காரியம் செய்து பாருங்கள். வலது காதை மட்டும் கழற்றிவிடுங்கள். கிட்டார் காணாமல் போய், பேஸும் (கனத்த அடிச் சத்தம் தரும் கிட்டார்) டிரம்ஸும் குரலும் மட்டும் நிற்கும். இப்போது இடதைக் கழற்றி வலதைப் போடுங்கள், பேஸ் போய் கிட்டார் வரும். அந்த ஆல்பத்தைக் கலந்த விதமே அப்படி: ஒரு பக்கம் பேஸ், ஒரு பக்கம் கிட்டார், நடுவில் மற்றவை. கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்டால் ஜானி ரமோனின் கை எப்படி ஓடுகிறது என்று பிடிபடும். கம்பியை மேலிருந்து கீழே மட்டும்தான் அடிக்கிறார், கீழிருந்து மேலே வரும்போது தொடுவதில்லை. அந்த வேகத்தில் ஒரு முழுப் பாட்டை அப்படி அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கிட்டார் பிடித்த கைக்குத் தெரியும். 'இவர்களுக்கு வாசிக்கத் தெரியாது' என்று சொல்பவர்களை நான் இந்த இடத்தில்தான் மறுக்கிறேன். மோனோ (இரண்டு காதிலும் ஒரே சத்தம்) என்று குறித்த பதிப்பும் இணையத்தில் இருக்கிறது. அதில் இந்த வித்தை நடக்காது, ஸ்டீரியோவைப் பார்த்து எடுங்கள்.

அடுத்தது, மார்லி பிடிக்கும் என்றதால், தி கிளாஷ். லண்டன் பேண்ட். 1977ல் வந்த முதல் ஆல்பத்தில் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' என்று ஒரு பாட்டு. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் முந்தின வருடம் பாடியதை இவர்கள் தங்கள் பாணியில் எடுத்து ஆறு நிமிடம் வாசித்திருக்கிறார்கள். முதலில் மர்வினுடையதைக் கேளுங்கள், அப்புறம் கிளாஷ். அதே வருடம் மார்லியே 'பங்கி ரெகே பார்ட்டி' என்று ஒரு பாட்டுப் போட்டு, கிளாஷ் பெயரை அதில் சொல்லியிருக்கிறார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும், இரண்டு இசைக்கும் இருந்த உறவு விளங்கிவிடும். பிறகு 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்'. 19 பாட்டு. அதில் 'கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' எழுதிப் பாடியவர் பேஸ் வாசித்த பால் சிமனன். கறுப்பின மக்கள் நிறைய வாழும் பிரிக்ஸ்டனில் வளர்ந்தவர். போலீஸ் வந்து கதவைத் தட்டுகிற பயம் அந்தப் பாட்டில் இருக்கிறது. வடசென்னையில் ஏரியா பெயரைச் சொன்னதுமே சந்தேகமாகப் பார்க்கப்பட்ட எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் பெயரைப் பல பட்டியல்கள் கடைசியில் தள்ளிவிடும். என்னைக் கேட்டால் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டியவர்கள். பாடகி சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்தவர். பல்லில் கம்பி போட்டுக்கொண்டு மேடையில் நின்ற பெண். பாலி ஸ்டைரீன் என்று ஒரு பிளாஸ்டிக்கின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டார். பெண் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியலாம், குரல் கேட்கக் கூடாது என்ற பழைய பேச்சைச் சாதாரணக் குரலில் சொல்லி, அடுத்த நொடியே அதற்கு எதிராகக் கத்திக்கொண்டு தொடங்குகிறது அவர்களின் 1977ஆம் வருட முதல் பாட்டு. கிட்டாருக்கு மேல் சாக்ஸபோன் பிளிறும். 1978ல் வந்த ஆல்பத்தில் பிளாஸ்டிக், விளம்பரம், வாங்கி வாங்கிக் குவிப்பது பற்றி நிறையப் பாடியிருக்கிறார். கொடுங்கையூர் குப்பை மேட்டுப் புகையை மூச்சில் இழுத்து வளர்ந்த நமக்கு அது வேறு தேசத்துப் பாட்டாகத் தெரியவில்லை. அந்தக் குரலை நான் அவ்வளவு நேசிக்கிறேன்.

அப்போது இங்கிலாந்தில் கறுப்பினத்தவரையும் நம் பக்கத்து மக்களையும் வெளியேறச் சொல்லும் நேஷனல் ஃபிரண்ட் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாகப் போய், கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவில் கச்சேரி நடத்தினார்கள். கிளாஷும் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே பேண்டும் அன்று ஒரே மேடையில். பங்க் என்றால் கலர் முடியும் ரகளையும்தான் என்று யாராவது சொன்னால் இந்த நாளை எடுத்துச் சொல்லுங்கள்.

மெட்டாலிகா கேட்கிறவர் என்பதால் அடுத்த பேண்ட் மிஸ்ஃபிட்ஸ். மெட்டாலிகா 1987லேயே இவர்களின் பாட்டை எடுத்து வாசித்திருக்கிறார்கள். 1982ல் வந்த 'வாக் அமங் அஸ்' போதும். அதே வருடம் வெறும் கேசட்டாக வந்த பேட் பிரெய்ன்ஸின் முதல் ஆல்பம்தான் உங்களை உட்கார விடாது. வாஷிங்டனைச் சேர்ந்த நாலு கறுப்பின இளைஞர்கள், முன்பு ஜாஸ் கலவை இசை வாசித்தவர்கள். தலை தெறிக்கிற வேகத்தில் நாலைந்து பாட்டு, திடீரென்று நிதானமாக ஒரு ரெகே, மறுபடி வேகம். மெட்டலும் மார்லியும் பிடித்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆல்பம் எனக்குத் தெரியாது.

மற்றவை வேகமாக. செக்ஸ் பிஸ்டல்ஸ் போட்டது ஒரே ஸ்டுடியோ ஆல்பம் (1977), கேட்டுவிடுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். காதல் பாட்டு வேண்டும் என்றால் பஸ்காக்ஸின் 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி'. மெலடிக்கு கிரீன் டேயின் 'டூக்கி' (1994), பங்க்கே பிடிக்காத நண்பனுக்கும் இதைத் தைரியமாகப் போட்டுக் காட்டலாம்.

நம்மூரில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து பெயர் எடுத்து, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியவர்கள். கானா, ராப், ராக் மூன்றும் கலந்தது, பங்க் என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் கிளாஷை நாலு நாள் கேட்டுவிட்டு இவர்களிடம் திரும்பி வாருங்கள். டிரம்ஸும் கிட்டாரும் கானாவுக்கு எங்கே இடம் விட்டு ஒதுங்குகின்றன, எங்கே மோதுகின்றன என்று தனித்தனியாகக் காதில் விழும்.

இதெல்லாம் முடித்த பிறகு மைனர் திரெட். வாஷிங்டன் பசங்கள்தான், டிஸ்கார்ட் என்று சொந்தமாக கம்பெனி ஆரம்பித்துத் தாங்களே ரெகார்டு போட்டார்கள். குடி, போதை எதுவும் வேண்டாம் என்று சொல்லும் அவர்களின் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது. வரிகளைப் படித்துக்கொண்டே கேளுங்கள், இல்லையென்றால் ஒரு வார்த்தையும் பிடிபடாது. பிடித்துப்போனால் அதே பாடகரின் அடுத்த பேண்ட் ஃபுகாசி இருக்கிறது. அதற்குத் தனிப் பதிலே எழுத வேண்டும், கேள்வி போடுங்கள், எழுதுகிறேன்.