கணினி கேள்வி–பதில்: பன்னிரண்டு ஸ்லைடு, 94 எம்பி!

கேள்வி: ஆண்டு விழாவுக்காக 12 ஸ்லைடில் ஒரு பவர்பாயின்ட் செய்தேன். 94 எம்பி வந்து நிற்கிறது. பாதிப் படங்களை எடுத்துவிட்டேன். மீதியை ஓரம் வெட்டிச் சிறிதாக்கினேன். ஜிப் செய்தும் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை, மெயிலில் போகவும் மாட்டேன் என்கிறது.
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: ஜிப் செய்து குறையாததில் வியப்பில்லை. ஆஃபீஸ் 2007 முதல் வரும் பிபிடிஎக்ஸ் (பவர்பாயின்ட்) ஃபைலே ஏற்கெனவே சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப்தான். அதுவே உங்களுக்கு வசதி. ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் பிபிடிஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே ‘பிபிடி’, அதற்குள் ‘மீடியா’ என்ற ஃபோல்டர். சைஸ் வாரியாக அடுக்கினால் குற்றவாளி முதல் வரிசையில் நிற்பார். இதைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

பெரும்பாலும் அது செல்போன் ஃபோட்டோவாக இருக்கும். 4000×3000 பிக்சல் படத்தை மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கினாலும் ஒரு பிக்சல்கூடக் குறையாது. ஓரம் வெட்டியதும் அப்படியே: வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கிறது, போகவில்லை. 13.33 அங்குல அகல ஸ்லைடு முழுவதையும் நிரப்பும் படத்துக்கே 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்) கணக்கில் 2000 பிக்சல் அகலம் போதும்.

இனி பவர்பாயின்டில் ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்கி, ‘பிக்சர் ஃபார்மட்’ டேபில் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ போங்கள். ‘அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்’ என்பதில் தானாகவே டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்; பலரும் கோட்டைவிடுவது இங்கேதான், ஒரே படம் சுருங்கி மற்றவை அப்படியே கிடக்கும். ‘டெலீட் கிராப்டு ஏரியாஸ்’ டிக் இருக்கட்டும். 150 பிபிஐ தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். வெட்டிய பகுதி இனித் திரும்ப வராது, ஆகவே ஒரிஜினலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகும் கனமா? பிஎன்ஜி வடிவில் (ஃபோட்டோவுக்கு அதிக இடம் பிடிக்கும் வகை) இருக்கும் ஃபோட்டோக்களை ரைட் கிளிக்கில் ‘சேவ் ஆஸ் பிக்சர்’ கொடுத்து ஜேபெக்காக்கி, மறுபடி செருகுங்கள். எந்த ஸ்லைடிலும் இல்லாத படம் மீடியாவில் தெரிந்தால், ‘வியூ – ஸ்லைடு மாஸ்டர்’ போய்ப் பாருங்கள். எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டின் பின்னணிப் படங்கள் அங்கே குடியிருக்கும். பயன்படாத லேஅவுட்களை நீக்கலாம். வீடியோ என்றால் ‘ஃபைல் – இன்ஃபோ – கம்ப்ரஸ் மீடியா’.

மெயிலில் இணைக்கும்போது ஃபைல் சுமார் மூன்றில் ஒரு பங்கு பருக்கும். 25 எம்பி வரம்பென்றால் 18-க்குள் நிறுத்துவது நல்லது.

கேள்வி: என் பவர்பாயின்ட் ஃபைலில் படமே இல்லை, ஒரு எக்ஸெல் சார்ட்தான். ஆனால் 30 எம்பி!
– கணக்காளர், கோவை

பதில்: அதே ஜிப் வழியில் திறந்து ‘எம்பெடிங்ஸ்’ ஃபோல்டரைப் பாருங்கள். ஒட்டும்போது ‘எம்பெட் வொர்க்புக்’ தேர்ந்தெடுத்திருந்தால் சார்ட்டோடு எக்ஸெல் ஃபைல் முழுவதும், எல்லா ஷீட்டும் சேர்த்து, உள்ளே வந்துவிடும். சைஸ் சின்னத் தலைவலி. ஃபைலைப் பெறுகிறவர் சார்ட்டில் ரைட் கிளிக் செய்து ‘எடிட் டேட்டா’ கொடுத்தால், அந்த எக்ஸெல் ஃபைலில் சம்பளப் பட்டியல் இருந்தால் அதுவும் திறந்துகொள்ளும். அதுதான் பெரிய ஆபத்து. சார்ட்டை நீக்கிவிட்டு, ‘பேஸ்ட் ஆப்ஷன்ஸ்’-இல் ‘பிக்சர்’ தேர்ந்தெடுத்து மறுபடி ஒட்டுங்கள். முன்பே யாருக்காவது அனுப்பியிருந்தால், உள்ளே என்னென்ன ஷீட் போயிருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.